துடைப்பம் முதல் தானே ஓடும் எந்திரம் வரை



அரசர்களுக்கு வரலாறு உண்டு. போர்களுக்கு வரலாறு உண்டு. ஆனால் நம் வீட்டு மூலையில் சாய்ந்து நிற்கும் துடைப்பத்துக்கும் ஒரு வரலாறு உண்டு என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. நாள்தோறும் செய்கின்ற வேலை என்பதால் அது நம் கண்ணில் படுவதே இல்லை. வீடு சுத்தமாக இருந்தால் யாரும் பேசமாட்டார்கள். ஒரு நாள் கூட்டாமல் விட்டால்தான் பேச்சு எழும்.

இப்பொழுது தாமான் வீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் வட்டத் தட்டு போன்ற ஒரு சிறிய எந்திரம் தரையில் தானாகவே ஊர்ந்து செல்வதைக் காண்கிறோம். அது சுவரில் முட்டித் திரும்புகிறது, நாற்காலிக்கு அடியில் நுழைகிறது, தூசியை உறிஞ்சுகிறது, வேலை முடிந்ததும் தன் இடத்துக்குச் சென்று மின்சாரம் ஏற்றிக் கொள்கிறது. பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள், "அம்மா இனிக் குனிய வேண்டாம்" என்று அன்போடு வாங்கிக் கொடுக்கிறார்கள். இந்த எந்திரம் எங்கிருந்து வந்தது? யார் யாருடைய உழைப்பு இதற்குள் இருக்கிறது? இது வந்த பின்பு வீட்டில் வேலை உண்மையிலேயே குறைகிறதா? இவற்றையே இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

தூசியும் துடைப்பமும்

தூசி என்பது வெறும் மண் அன்று. துணியின் நூல், நம் உடலிலிருந்து உதிரும் தோல், மகரந்தம், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் ஆகிய எல்லாம் சேர்ந்ததே வீட்டுத் தூசி. இளைப்பு நோய், அதாவது ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது பெரும் பகை. துடைப்பம் தூசியைத் தள்ளுகிறது. ஆனால் அதில் ஒரு பகுதியைக் காற்றில் எழுப்பியும் விடுகிறது. கூட்டுகிறவர் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வது இதனால்தான்.

தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெரட்டுக்குப் போகுமுன், விடியாத இருட்டிலேயே எழுந்து, வாசல் தெளித்து, ஈர்க்குமாறு பிடித்துக் கூட்டிவிட்டு, சோறாக்கி வைத்துவிட்டு, அதன் பிறகு பால்மரக் காட்டுக்கு நடந்தவர்கள் நம் தாய்மார்கள். வேலை முடிந்து திரும்பிய பிறகும் அவர்கள் கையில் அதே துடைப்பம்தான் இருந்தது. அம்மா வெட்டுக்காட்டில் இருக்கும் நேரத்தில் மூத்த மகள் கையில் அது இருந்தது. அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து கூட்டிய நேரத்தைக் கணக்கிட்டு எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

முதல் எந்திரங்கள்

தூசியோடு போராடும் எந்திரத்தைச் செய்யும் முயற்சி அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1876-ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் பீங்கான் கடை வைத்திருந்த மெல்வில் பிசெல் என்பவர், தள்ளிக்கொண்டு போனால் உள்ளே தூரிகை சுழலும் கம்பளப் பெருக்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு மின்சாரம் இல்லை. சக்கரம் உருளும்போது தூரிகையும் உருளும், அவ்வளவே. 1889-இல் அவர் இறந்த பின்னர், அவருடைய மனைவி ஆன்னா பிசெல் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றுத் திறம்பட நடத்தினார். அக்காலத்தில் ஒரு பெண்மணி தொழிற்சாலை நிறுவனத்துக்குத் தலைமை தாங்குவது அரிதிலும் அரிதான செய்தியாகும்.

அடுத்த பெரிய மாற்றம் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. ஹியூபர்ட் சிசில் பூத் என்பவர் பாலங்களையும் பெரிய இராட்டினங்களையும் வடிவமைத்த பொறியாளர். இலண்டனில் தூசி அகற்றும் எந்திரம் ஒன்றைச் செய்து காட்டினார்கள். அது காற்றை ஊதித் தூசியைக் கிளப்பியது. "ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன?" என்று பூத் எண்ணினார். உணவுக்கடை ஒன்றில் நாற்காலியின் மேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தாராம். இருமல் வந்து திணறினாலும், கைக்குட்டையின் அடியில் தூசி படிந்திருந்ததைக் கண்டு மகிழ்ந்தாராம். துணி காற்றை விடும், தூசியை நிறுத்தும் என்னும் எளிய உண்மை அவருக்கு விளங்கியது. 1901-இல் அவர் காப்புரிமை பெற்றார்.

பூத்தின் எந்திரம் வீட்டுக்குள் நுழையக் கூடியது அன்று. குதிரைகள் இழுத்து வந்த வண்டியில் அது தெருவில் நிற்கும். நீண்ட குழாய்களைச் சன்னல் வழியாக உள்ளே விட்டுப் பணியாளர்கள் தூசியை உறிஞ்சுவார்கள். சத்தத்தைக் கேட்டுத் தெருவில் போகும் குதிரைகள் மிரண்டன. 1902-இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவை ஒட்டி, வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் கம்பளங்களை இந்த எந்திரமே சுத்தம் செய்தது. செல்வர் வீட்டுச் சீமாட்டிகள் தோழியரைத் தேநீருக்கு அழைத்து, தூசி உறிஞ்சும் காட்சியை வேடிக்கையாகக் காட்டினார்களாம். அப்போது அது அரண்மனைக்கும் மாளிகைக்கும் உரிய பொருள். ஏழை வீட்டுக்கு எட்டாத பொருள்.

கூட்டுபவர் கண்ட எந்திரம்

இந்தப் பொருளை வீட்டுக்குள் கொண்டு வந்தவர் ஒரு கூட்டும் தொழிலாளி என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கேன்டன் நகரில், ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர் என்பவர் ஒரு பெரிய கடையைக் கூட்டித் துடைக்கும் பணியில் இருந்தார். வயது ஐம்பதைக் கடந்தவர். இளைப்பு நோய் உள்ளவர். கம்பளத்தைக் கூட்டும்போது எழுந்த தூசி அவரை வாட்டியது. வேலையை விட்டால் பிழைப்பு இல்லை. வேலையைச் செய்தால் மூச்சு இல்லை. இந்த நெருக்கடியில் அவர் தாமே ஓர் எந்திரத்தைச் செய்தார். சிறு மின்விசிறியின் மோட்டார், ஒரு சவர்க்காரப் பெட்டி, துடைப்பத்தின் கைப்பிடி, தூசியைப் பிடிக்க ஒரு தலையணை உறை ஆகியவையே அதன் உறுப்புகள். 1908 ஜூன் 2-ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

ஆனால் அதைப் பெருமளவில் செய்து விற்க அவரிடம் பணம் இல்லை. அதே வட்டாரத்தில் தோல் பொருள் தொழில் நடத்திய வில்லியம் ஹூவர் என்பவர் அந்த உரிமையை விலைக்கு வாங்கினார். ஸ்பாங்ளர் அந்நிறுவனத்திலேயே பணியாற்றினார். விற்பனையில் அவருக்கு ஒரு பங்கும் வந்தது. பத்து நாள் வீட்டில் வைத்துப் பயன்படுத்திப் பாருங்கள், காசு வேண்டாம் என்று ஹூவர் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். வியாபாரம் பெருகியது. ஸ்பாங்ளர் 1915-இல் காலமானார். பிரிட்டனில் இன்றும் தூசி உறிஞ்சும் வேலைக்கே "ஹூவர்" என்று பெயர் சொல்கிறார்கள். கண்டுபிடித்த தொழிலாளியின் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே. உழைத்தவன் ஒருவன், பெயர் எடுத்தவன் வேறொருவன் என்பது நமக்குப் புதிய கதை அன்று.

வேலை குறைந்ததா?

எந்திரம் வந்தது, பெண்களின் வேலை பாதியாகக் குறைந்திருக்கும் என்றுதானே நாம் நினைப்போம்? வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983-இல் வெளியிட்ட நூலில் இதை ஆராய்ந்தார். முன்பெல்லாம் கம்பளத்தை ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ வெளியே தூக்கிப் போட்டு அடிப்பார்கள். தூக்குவதற்கு ஆண்கள் வந்தார்கள். அடிப்பதற்குப் பிள்ளைகள் வந்தார்கள். வசதியுள்ள வீடுகளில் பணியாட்கள் இருந்தார்கள். மின்சார எந்திரம் வந்த பின்னர் ஆண்களும் பிள்ளைகளும் ஒதுங்கிக் கொண்டார்கள். வேலை முழுவதும் தாயின் கைக்கு வந்து சேர்ந்தது. அதுவும் ஆண்டுக்கு இரு முறை அன்று, வாரந்தோறும்! எந்திரத்தால்தான் எளிதாகிவிட்டதே என்று சுத்தத்தின் அளவும் உயர்ந்துவிட்டது. ஒவ்வொரு வேலையின் கடுமையும் குறைந்தது உண்மை. ஆனால் வேலையின் மொத்த நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. இந்தப் பாடத்தை நாம் மனத்தில் இருத்திக் கொண்டு மேலே செல்வோம்.

ரோபோ என்னும் சொல்

தானே இயங்கும் எந்திரத்தை ரோபோ என்கிறோம். இந்தச் சொல்லின் பிறப்பு நம் நெஞ்சைத் தொடக் கூடியது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920-இல் ஒரு நாடகம் எழுதினார். 1921-இல் அது பிராக் நகரில் அரங்கேறியது. மனிதனுக்காக உழைப்பதற்கென்றே தொழிற்சாலையில் செய்யப்பட்ட உயிர்கள் அதில் வருகின்றன. அவற்றுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் தேடியபோது, ஓவியரான அவருடைய அண்ணன் யோசப் "ரோபோட்" என்று சொன்னார். "ரோபோத்தா" என்ற செக் சொல்லிலிருந்து அது பிறந்தது. நிலப்பிரபுவின் நிலத்தில் குடியானவன் கூலியின்றிச் செய்ய வேண்டியிருந்த கட்டாய உழைப்புக்கே அந்தப் பெயர். அந்த நாட்டில் 1848-இல்தான் அந்த முறை ஒழிந்தது.

நேயர்களே, நம் முன்னோர்கள் ஒப்பந்தக் கூலிகளாக மலாயாவுக்குக் கப்பலேறி வந்தார்கள். இங்கே அந்த ஒப்பந்த முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. கட்டாய உழைப்பு என்றால் என்ன என்பதை நாம் நூலைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மனிதன் மேல் சுமத்தப்பட்ட சுமையை எந்திரத்தின் மேல் மாற்றி வைக்க வேண்டும் என்னும் ஆசையே ரோபோ என்ற சொல்லுக்குள் இருக்கிறது. அந்த ஆசை நல்ல ஆசைதான். சுமை உண்மையில் யார் தோளிலிருந்து இறங்குகிறது, யார் தோளில் ஏறுகிறது என்று பார்ப்பதே நம் கடமை.

தானே ஓடும் எந்திரம்

சுவீடன் நாட்டு எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 1996-இல் தானே ஓடும் தூசி உறிஞ்சியின் மாதிரி ஒன்றைப் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் காட்டியது. 2001-இல் "ட்ரைலோபைட்" என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. பண்டைக் கடல் உயிர் ஒன்றின் பெயர் அது. வௌவால் இருட்டில் ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு வழி கண்டுபிடிப்பது போல, இந்த எந்திரமும் நம் காதுக்குக் கேளாத ஒலியை அனுப்பித் தடைகளை அறிந்துகொண்டது. எனினும் விலை மிக உயர்வாக இருந்ததால் எல்லாரும் வாங்க இயலவில்லை.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ராட்னி புரூக்ஸ் என்ற பேராசிரியர் வேறொரு வழியில் சிந்தித்தார். பூச்சிக்குப் பெரிய மூளை இல்லை; உலகத்தின் வரைபடமும் அதன் தலையில் இல்லை. ஆயினும் அது தடையைத் தாண்டி, இரை தேடிப் பிழைத்துக்கொள்கிறது. "முட்டினால் திரும்பு, பள்ளம் வந்தால் நில்" என்பன போன்ற சிறு சிறு விதிகளை அடுக்கினாலே எந்திரமும் நன்கு நடமாடும் என்று 1980-களில் அவர் காட்டினார். காலின் ஏங்கிள், ஹெலன் கிரைனர் என்ற இளைய பொறியாளர்களோடு சேர்ந்து 1990-இல் "ஐரோபோட்" என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களுடைய வேறு எந்திரங்கள் 2001-இல் நியூயார்க்கில் இடிந்த வாணிகக் கோபுரங்களின் இடிபாடுகளுக்குள் சென்றன. 2002-இல் ஆப்கானிஸ்தானத்துக் குகைகளுக்குள் நுழைந்தன. அதே 2002-ஆம் ஆண்டு செப்டம்பரில் "ரூம்பா" என்ற சிறிய தூசி உறிஞ்சியை 199 அமெரிக்க வெள்ளிக்கு அவர்கள் விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். இடிபாடுகளுக்குள் தேடிய எந்திரத்தின் தம்பி வீட்டைக் கூட்ட வந்தது எனலாம்.

முதல் ரூம்பாவுக்கு வீட்டின் அமைப்புத் தெரியாது. சுருள் சுருளாகச் சுற்றும். சுவரை ஒட்டி ஓடும். முட்டினால் வேறு பக்கம் திரும்பும். ஒரே இடத்தைப் பலமுறை கடந்து போகும். ஆனாலும் முடிவில் பெரும்பாலும் அறை சுத்தமாகிவிடும். அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் தரைக்கு அனுப்பும் கருவி இருக்கிறது. படிக்கட்டின் விளிம்பில் அந்த ஒளி திரும்பி வராது; எந்திரம் உடனே பின்வாங்கும். பின்னர் 2010 முதல், லேசர் ஒளியைச் சுழற்றிச் சுவர்களின் தொலைவை அளக்கும் எந்திரங்கள் வந்தன. 2015-இல் ரூம்பாவிலும் படக்கருவி பொருத்தி வீட்டின் வரைபடத்தைத் தானே வரைந்துகொள்ளும் வகை வந்தது. அதன் பின் சீன நிறுவனங்கள் விலையைக் குறைத்துச் சந்தையைப் பிடித்தன. முன்னோடியான ஐரோபோட் நிறுவனமோ 2025 டிசம்பரில் நொடிந்துபோய் நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. தனக்கு எந்திரம் செய்து கொடுத்துவந்த சீனத் தொழிற்சாலையின் கைக்கே தான் போய்ச் சேரும் நிலைக்கு அது வந்தது.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. பைகள் இல்லாத தூசி உறிஞ்சியைச் செய்வதற்காக 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்த ஆங்கிலேயர் ஜேம்ஸ் டைசன், 2002-இல் தம் தூசி உறிஞ்சிகளின் உற்பத்தியை இங்கிலாந்திலிருந்து மலேசியாவுக்கு மாற்றினார். ஐரோபோட் நிறுவனமும் 2019 இறுதியில் மலேசியாவில் உற்பத்தியைத் தொடங்கியது. வெட்டுக்கத்தி பிடித்த பாட்டியின் பேத்தி தொழிற்சாலையில் மின்பலகை பொருத்தும் காலம் இது. "தானே ஓடும் எந்திரம்" என்கிறோம். அதைத் தொழிற்சாலையில் பூட்டி முடுக்கிய கைகள் மனிதக் கைகள்தாம்.

எந்திரத்தோடு குடித்தனம்

இனி, வீட்டுக்கு வந்த எந்திரத்தோடு எப்படிக் குடியிருப்பது என்று பார்ப்போம். இது கம்பள வீடுகளை நினைத்து வளர்ந்த பொருள். நம் வீடுகளிலோ சிமெண்டுத் தரையும் ஓட்டுத் தரையும்தான் மிகுதி. சமதரையில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உயரமான வாசற்படியை அதனால் ஏற முடியாது. மின்கம்பிகள், பிள்ளைகளின் காலுறைகள், தொங்கும் திரைச்சீலை ஆகியவை அதன் வாயில் சிக்கிக்கொள்ளும். சாமி மேடைக்கு முன் தரையில் எரியும் விளக்கை அது முட்டித் தள்ளக் கூடும். ஆகையால் விளக்கு எரியும் நேரத்தில் எந்திரத்தை ஓட விடக்கூடாது. விளக்கேற்றிய பின் வீட்டைக் கூட்டாதே என்று பாட்டி சொன்னதற்கு இப்படியும் ஒரு புதுப் பொருள் கிடைக்கிறது! தண்ணீரோ குழம்போ சிந்திய இடத்திலும், ஈரத்துக்கென்று செய்யப்படாத எந்திரத்தை விடக்கூடாது.

எந்திரத்தைச் சுத்தம் செய்வதும் ஒரு வேலையே. தூசிப் பெட்டியைக் கொட்ட வேண்டும். தூரிகையில் சுற்றிக்கொண்ட நீண்ட தலைமுடியை வெட்டி எடுக்க வேண்டும். வடிகட்டியைத் தட்ட வேண்டும். இளைப்பு உள்ளவர்கள் இதைச் செய்யாமல் மற்றவர்கள் செய்வது நல்லது. பழைய மின்கலத்தைக் குப்பையில் எறியக் கூடாது. அது தீப்பற்றும் தன்மையுடையது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படக்கருவி உள்ள எந்திரம் வீட்டுக்குள் ஒரு கண்ணாகவும் இருக்கிறது. 2020-இல் சோதனைக்காகச் சிலர் ஒப்புதலோடு தம் வீடுகளில் வைத்திருந்த ரூம்பா எந்திரங்கள் எடுத்த படங்கள், படங்களைத் தரம் பிரிக்கும் கூலி வேலையாட்களின் கைக்குப் போய், அவற்றில் சில சமூக வலைத்தளத்தில் வெளிவந்துவிட்டன. 2022-இல் இந்தச் செய்தி பத்திரிகையில் வெளியானது. 2024-இல் அமெரிக்காவின் சில நகரங்களில் வேறொரு வகை எந்திரங்களுக்குள் அந்நியர்கள் இணையம் வழியாக நுழைந்து, அவற்றின் ஒலிபெருக்கியால் வீட்டாரை ஏசினார்கள். ஆகவே வாங்கும் முன் படக்கருவி உண்டா என்று கேளுங்கள். தூசியை உறிஞ்சுவதற்கு அது கட்டாயத் தேவை அன்று. கடவுச்சொல்லை மாற்றி வையுங்கள். கைத்தொலைபேசியுடன் இணைக்காமல், பொத்தானை அழுத்தியே ஓட்டக் கூடியவையும் உண்டு.

மிஞ்சிய நேரம் யாருக்கு?

நிறைவாக ஒரு கேள்வி. எந்திரம் ஓடும் அந்த அரை மணி நேரம் யாருக்குச் சொந்தம்? ஹூவர் வந்த காலத்தில் மிஞ்சிய நேரத்தை யாரும் தாய்க்குக் கொடுக்கவில்லை; வேறு வேலையைக் கொண்டுவந்து அதில் வைத்தார்கள். அதே தவற்றை நாமும் செய்யலாம். "அதுதான் கூட்டுகிறதே, நீ போய்த் துணியைத் துவை" என்று சொன்னால், எந்திரம் வந்தும் பயன் இல்லை. எந்திரம் வாங்க இயலாத வீடுகளும் இருக்கின்றன. அங்கே ஒரே ஒரு மாற்றம் போதும். துடைப்பம் மகள் கையில் மட்டும் இல்லாமல் மகன் கையிலும், தந்தை கையிலும் முறை வைத்து மாறினால், ஒரு வெள்ளி செலவில்லாமல் அதே அரை மணி நேரம் கிடைத்துவிடும்.

அந்த அரை மணி நேரத்தில் மகள் பாடம் படிக்கட்டும். தாய் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு குவளைத் தேநீரைச் சூடாகக் குடிக்கட்டும். பிறருக்குக் கொடுத்துவிட்டு, ஆறிப்போனதைக் குடித்தே பழகிய கைகள் அவை. எந்திரம் தூசியை எடுக்கும். ஓய்வை அவருக்குக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.